தாளில் தெரிகிற எண்ணும் கட்டத்துக்குள் இருக்கிற எண்ணும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கட்டுமானத் தளத்தில் எட்டு வருடம் உடல் உழைத்துவிட்டு இப்போது டைம்கீப்பராக, அதாவது ஆட்களின் வேலை நேரக் கணக்கை எழுதுபவராக, உட்கார வைத்திருக்கிறார்கள். முன்பு இருந்தவர் விட்டுப்போன எக்செல் ஃபைல்தான் உங்கள் சொத்து. அதில் ஒருவருடைய மாத ஓவர்டைமைக் கூட்டினால் 0:00 என்று நிற்கிறது. இன்னொருவருக்கு 61 மணி 30 நிமிடம் வரவேண்டிய இடத்தில் 13:30 வருகிறது. சாமான் கணக்கில் கூட்டல் போட்டால் பூஜ்யம். டெலிவரி முகவரியில் போஸ்டல் கோடின் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது. கடைசியாக, ஃபார்மேட்டை மாற்றினால் கணக்கு மாறிவிடுமா, எந்த ஃபங்ஷனை முதலில் கற்றுக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இவை ஐந்து தொல்லைகளாகத் தெரியும். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: கட்டத்தில் நான் பார்க்கிற எண்தான் உள்ளேயும் இருக்கிறதா?

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு ஹார்ட்வேர் சப்ளை கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஓர் அறையில் உங்களைப் போன்றவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். மேக்ரோ பக்கம் நான் போனதே இல்லை, அதைக் கேட்காதீர்கள். உங்கள் ஃபைலையும் நான் பார்க்கவில்லை. ஆகவே எக்செல் எப்படி இயங்குகிறது என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தாளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்வதை அனுமானமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது சமக்குறி போட்டு ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு காலிக் கட்டத்தில் 9/8/2025 என்று தட்டி என்டர் அடியுங்கள். தேதி தெரியும். அதே கட்டத்தில் நின்று கன்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் ஃபார்மேட் பெட்டி திறக்கும். அதில் 'ஜெனரல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேதி போய் 45878 என்று ஓர் எண் வரும். பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுவிடவில்லை. அந்தக் கட்டத்துக்குள் முதலிலிருந்தே இருந்தது 45878 தான். 1900 ஜனவரி 1-ஐ முதல் நாள் என்று வைத்து எக்செல் நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 9/8/1965 என்று தட்டினால் உள்ளே 23963. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 21915. நாடு விடுதலை அடைந்து அறுபது ஆண்டு நிறைந்தபோது கடந்திருந்த நாட்கள் அவ்வளவு. தேதியைத் தேதியிலிருந்து கழிக்க முடிவதே உள்ளே வெறும் எண் இருப்பதால்தான். (இந்த எண்ணிக்கையில் ஒரு பழைய பிழை உண்டு. 1900 லீப் ஆண்டே இல்லை, ஆனால் எக்செல் அந்த வருடம் பிப்ரவரி 29-ஐயும் ஒரு நாளாக எண்ணுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருளில் இருந்த பிழையை, அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வேலைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை.)

நாள் என்பது முழு எண் என்றால் நேரம் என்பது அதன் பின்னம். மத்தியானம் 12 மணி உள்ளே 0.5. காலை 6 மணி 0.25. ஒரு மணி நேரம் என்பது 24-ல் ஒரு பங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் 0:00 புரிந்துவிடும். அந்த ஊழியரின் மாத ஓவர்டைம் சரியாக 72 மணி நேரமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். மனிதவள அமைச்சின் விதிப்படி மாதத்துக்கு 72 மணிதான் ஓவர்டைம் உச்சவரம்பு, பலரும் அதுவரை போவார்கள். 72 மணி என்றால் மூன்று முழு நாள். கட்டத்துக்குள் இருப்பது 3. ஆனால் அந்தக் கட்டத்துக்குக் கடிகார ஃபார்மேட் போட்டிருக்கிறார்கள். கடிகாரத்துக்கு எத்தனை நாள் போனது என்று தெரியாது, இப்போது மணி என்ன என்று மட்டும்தான் தெரியும். மூன்று நாள் முடிந்தால் நள்ளிரவு, அதனால் 0:00. அதே மாதிரி 61 மணி 30 நிமிடத்தில் இரண்டு நாளுக்கான 48 மணியை விழுங்கிவிட்டு மிச்சம் 13:30-ஐக் காட்டுகிறது. கூட்டல் சரி, அதற்குப் போட்ட உடுப்புதான், அதாவது ஃபார்மேட்தான், தப்பு.

இதற்கு ஃபார்மேட் பெட்டியில் 'கஸ்டம்' என்ற இடத்துக்குப் போய், மணியைக் குறிக்கும் 'எச்' எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்து, முக்காற்புள்ளி போட்டு, நிமிடத்துக்கு இரண்டு 'எம்' தட்டுங்கள். அந்தச் சதுர அடைப்பு '24-ல் திரும்பாதே, மேலே எண்ணிக்கொண்டே போ' என்று சொல்கிறது. கஸ்டம் தட்டத் தயக்கமாக இருந்தால் 'டைம்' பட்டியலிலேயே 37:30:55 என்று ஒரு மாதிரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தாலும் போதும். கூகுள் ஷீட்ஸில் இதற்கு 'டியூரேஷன்' என்று பெயர். மாற்றியதும் 72:00 தெரிய வேண்டும்.

இங்கேதான் பலர் இரண்டாவது குழியில் விழுகிறார்கள். மணி சரியாகத் தெரிகிறது என்ற நம்பிக்கையில் அந்தக் கட்டத்தை மணிக்கூலியால் பெருக்குவார்கள். ஒருவருக்கு அடிப்படை மாதச் சம்பளம் 1,144 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். அமைச்சு சொல்லும் கணக்குப்படி அதை 12 மாதத்தால் பெருக்கி, வருடத்தின் 52 வாரத்தை வாரத்துக்கு 44 மணியால் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு 6 வெள்ளி. ஓவர்டைம் குறைந்தது ஒன்றரை மடங்கு, ஆக 9 வெள்ளி. 72 மணிக்கு 648 வெள்ளி வர வேண்டும். கட்டத்தை நேராக 9-ஆல் பெருக்கினால் எக்செல் 27 என்று சொல்லும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது 72 இல்லை, 3. மணிக் கட்டத்தை முதலில் 24-ஆல் பெருக்கி, பிறகு கூலியால் பெருக்குங்கள். விடை வருகிற கட்டம் மறுபடி நேரம் மாதிரி தெரிந்தால் அதற்கு 'நம்பர்' ஃபார்மேட் போட்டுவிடுங்கள். ஃபங்ஷனும் ஃபார்முலாவும் கட்டத்தின் உடுப்பைப் பார்ப்பதே இல்லை. உள்ளே இருக்கிற எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நேரம் என்று வந்ததால் நம் ஆட்களுக்கே உரிய ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாம் ஊரில் 2.30 மணி என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். எக்செல்லில் 2.30 என்று தட்டினால் அது இரண்டரை மணி ஆகாது. வெறும் 2.3 தான். தசம மணியாக வைத்தாலும் அது 2 மணி 18 நிமிடம். இரண்டு நாள் 2.30, 2.30 என்று போட்டுக் கூட்டினால் 5 வராது, 4.6 வரும். நேர ஃபார்மேட் போட்ட கட்டத்தில் 2.3 கிடந்தால் அது 2.3 நாள், அதாவது 55 மணி 12 நிமிடம். முக்காற்புள்ளி வைத்து 2:30 என்றுதான் தட்ட வேண்டும். உங்களுக்கு முன்பு இருந்தவர் இரண்டையும் கலந்து தட்டியிருந்தால் சிலருடைய கூட்டல் மட்டும் விநோதமாக இருக்கும். அப்படி யாராவது இருந்தால் முதலில் புள்ளியைத் தேடுங்கள்.

இரவு வேலைக்கு இன்னொன்று. இரவு 8 மணிக்கு உள்ளே வந்து காலை 5 மணிக்கு வெளியே போனவருக்கு 5-லிருந்து 20-ஐக் கழித்தால் எதிர்ம எண் வரும். எதிர்ம நேரத்தைக் காட்ட எக்செல்லுக்கு வழி இல்லாததால் கட்டம் முழுக்க ##### என்று நிரப்பிவிடும். அகலம் போதாத கட்டத்திலும் அதே குறிதான் வரும் என்பதால் பலர் நெடுவரிசையை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு இழுத்தும் போகாவிட்டால் எதிர்ம நேரம் என்று அர்த்தம். கழித்து வருவதை 'மாட்' (MOD) என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து, காற்புள்ளிக்குப் பிறகு 1 என்று கொடுங்கள். 9:00 வந்துவிடும்.

சாமான் கணக்கில் 'சம்' பூஜ்யம் வருவதற்குக் காரணம், அநேகமாக, உங்கள் எண்கள் எண்களே இல்லை. அவை எழுத்துகள். எக்செல்லில் ஒரு கட்டத்துக்குள் எண் இருக்கலாம், எழுத்து இருக்கலாம். 250 என்பது எண்ணாகவும் இருக்க முடியும், '2', '5', '0' என்ற மூன்று எழுத்துகளாகவும் இருக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்களாக இடது, வலது ஒதுக்கம் எதுவும் போடாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். எழுத்தாக இருக்கிற எண்ணின் மேல் இடது மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். இன்னும் நல்ல சோதனை: சந்தேகமான கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு திரையின் அடியில் பாருங்கள். கூட்டுத்தொகை, சராசரி எல்லாம் தெரிந்தால் அவற்றில் எண்கள் இருக்கின்றன. எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் அத்தனையும் எழுத்து.

'சம்' ஒரு நெடுவரிசையைக் கூட்டும்போது எழுத்துகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். தப்பு என்று சொல்லவும் செய்யாது. ஆனால் அதே கட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் எக்செல் அவற்றை எண்ணாக மாற்றிக்கொண்டு சரியான விடையைக் கொடுக்கும். 'ஒன்றொன்றாகக் கூட்டினால் வருகிறது, சம் போட்டால் வரவில்லை' என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் இதைக் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறேன். எனக்குப் பூஜ்யத்தைப் பார்த்தால் பயமில்லை. முப்பது கட்டத்தில் நான்கு மட்டும் எழுத்தாக இருந்து, கூட்டல் கொஞ்சம் குறைவாக வரும் பாருங்கள், அதை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

இங்கே எல்லாரும் செய்வது, அந்தக் கட்டங்களுக்கு 'நம்பர்' ஃபார்மேட் போடுவது. ஒன்றும் நடக்காது. உள்ளே எழுத்து ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, சட்டையை மாற்றினால் ஆள் மாற மாட்டார். பச்சை முக்கோணத்தின் பக்கத்தில் வரும் குறியைச் சொடுக்கி 'எண்ணாக மாற்று' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' பட்டியலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து எதையும் மாற்றாமல் 'ஃபினிஷ்' அழுத்துங்கள், மொத்தமும் திரும்ப வாசிக்கப்பட்டு எண்ணாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியபோது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் கூடவே வந்திருக்கும். சாதாரண இடைவெளியை 'ட்ரிம்' நீக்கிவிடும். இந்த வகை இடைவெளிக்கு எண் 160, இதை ட்ரிம் தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' (SUBSTITUTE) ஃபங்ஷனில் 'கேர்' (CHAR) 160-ஐ வெற்றாக மாற்றச் சொல்லி, வருவதை 'வேல்யூ'வுக்குள் வைக்க வேண்டும்.

ஃபார்மேட்டை மாற்றினால் கணக்கு மாறுமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். தட்டி முடித்த பிறகு மாற்றினால் மாறாது. தட்டுவதற்கு முன்னால் என்ன ஃபார்மேட் இருந்தது என்பதோ உள்ளே போகிற பொருளையே மாற்றிவிடும். 'ஜெனரல்' கட்டத்தில் நீங்கள் எதைத் தட்டினாலும், என்டர் அடித்த அந்த நொடியில் எக்செல் 'இது எண்ணா, தேதியா, எழுத்தா' என்று தானாக முடிவெடுக்கிறது. முடிவெடுத்த பிறகு நீங்கள் தட்டியது நினைவில் இருக்காது. 018956 என்று தட்டினீர்கள், எண் என்று முடிவெடுத்தது, எண்ணுக்கு முன்னால் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, 18956 ஆனது. மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் பக்கத்துக் கோடுகள் பூஜ்யத்தில் தொடங்குவதால் அந்த முகவரிகள்தான் அடிபடும். தேக்கா பக்கம் 2-ல் தொடங்குகிறது, அங்கே பிரச்சினை தெரியாது.

இதில் நானும் மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் புளோக் (அடுக்குமாடி) வீடுகளுக்கு டெலிவரிப் பட்டியல் தயார் செய்தேன். முன்னால் போடுகிற # குறியை விட்டுவிட்டு வீட்டு எண்ணை 05-12 என்று தட்டினேன். ஐந்தாவது மாடி, பன்னிரண்டாம் எண். எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கி '05-Dec' என்பதைக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? பார்க்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். லாரி டிரைவர் புளோக்குக்குக் கீழே நின்று போன் போட்டு, "அண்ணே, சாமான இன்னைக்கு இறக்கறதா, டிசம்பர்லயா?" என்று கேட்டார். அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கினால் 05-12 திரும்பி வரும் என்று நினைத்தேன். வந்தது ஓர் ஐந்திலக்க எண். மூலப் பட்டியலைத் தேடி எடுத்துத் திரும்பத் தட்டியதுதான் தீர்வு.

எனவே கூட்டவோ கழிக்கவோ போகாத எண்களுக்கு, அதாவது போஸ்டல் கோடு, வீட்டு எண், தொலைபேசி, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து முதலில் 'டெக்ஸ்ட்' ஃபார்மேட் போட்டுவிட்டுப் பிறகு தட்டுங்கள். ஒரே ஒரு கட்டம் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டலாம், அது அச்சில் வராது. வங்கிக் கணக்கு எண்ணில் கூடுதல் கவனம் வேண்டும். ஊரில் சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதை 'ஜெனரல்' கட்டத்தில் தட்டினால் நடுவில் 'இ' எழுத்தும் கூட்டல் குறியும் வந்து சுருங்கித் தெரியும். அந்தச் சுருக்கம் வெறும் தோற்றம்தான், 'நம்பர்' ஃபார்மேட் போட்டால் விரிந்துவிடும். விரிந்ததும் கடைசி இலக்கத்தைப் பாருங்கள், பூஜ்யமாகியிருக்கும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பதினாறாவது போனது போனதுதான், எந்த ஃபார்மேட்டும் திருப்பித் தராது. காணாமல் போன முதல் பூஜ்யத்தை மட்டும், எல்லாம் ஆறு இலக்கம் என்று தெரிந்த போஸ்டல் கோடு என்பதால், கஸ்டம் ஃபார்மேட்டில் ஆறு பூஜ்யம் தட்டிக் கண்ணுக்குக் கொண்டுவரலாம்.

இது படிக்காதவர்கள் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். மரபணு ஆய்வாளர்கள் 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுவதைப் பல வருடம் சகித்துப் பார்த்துவிட்டு, 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கிற வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் கொண்டுவந்தது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது புதிய பதிப்பாக இருந்தால் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டேட்டா' பகுதியில் அது தெரியும்.

நீங்கள் கேட்காததும் ஆனால் கட்டாயம் வரப்போவதும் ஒன்று உண்டு: வேறு கணினியில் தட்டி வந்த ஃபைலில் தேதி புரளுவது. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அமெரிக்க முறையில் செட்டிங் வைத்திருக்கும் கணினி மாதத்தை முதலில் படிக்கும். அங்கே ஏப்ரல் மாத வருகைப் பதிவைத் தட்டினால் 3/4/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 13/4/2025-க்கு வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் தேதி என்று ஏற்காமல் எழுத்தாக வைத்துவிடும். 1 முதல் 12 வரையான நாட்கள் வலப்பக்கம் ஒட்டி, 13-லிருந்து இடப்பக்கம் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஆபத்து இடப்பக்கம் நிற்பவற்றில் இல்லை, அவை தட்டியபடியே இருக்கின்றன. ஒழுங்காக வலப்பக்கம் நிற்கிற பன்னிரண்டில் பதினொன்று தவறான தேதி, 4/4 மட்டும் எப்படிப் படித்தாலும் தப்பிக்கும். விண்டோஸில் 'ரீஜன்' செட்டிங்கிலும் கூகுள் ஷீட்ஸில் ஃபைலின் 'செட்டிங்ஸ்'ஸில் 'லொகேல்' என்ற இடத்திலும் சிங்கப்பூர் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்குவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. தசமத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் 469.60 என்பது 470 என்று தெரியும். உள்ளே 469.60 அப்படியேதான் இருக்கும். உங்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மத்திய சேம நிதி (சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் பங்கு போடுகிற சேமிப்பு) கிடையாது, ஆனால் தாளில் உள்ளூர் டிரைவர் ஒருவராவது இருப்பார். 55 வயது வரையிலான அவருக்குச் சம்பளம் 2,348 வெள்ளி என்று வையுங்கள். மொத்தப் பங்கு 37 சதவீதம், 868.76 வெள்ளி. ஊழியர் பங்கு 20 சதவீதம், 469.60. முதலாளி பங்கு 17 சதவீதம், 399.16. தசமத்தை மறைத்துவிட்டால் தாள் 470, 399, மொத்தம் 869 என்று காட்டும். கூட்டிப் பார்த்தால் சரியாகவும் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் விதி வேறு. மொத்தத்தைத்தான் அருகிலுள்ள வெள்ளிக்கு முழுமையாக்க வேண்டும், 869. ஊழியர் பங்கில் காசை விட்டுவிட வேண்டும், 469. மிச்சம் 400 முதலாளியுடையது. ஃபார்மேட்டை நம்பினால் அந்த டிரைவரிடமிருந்து ஒரு வெள்ளி கூடுதலாகப் பிடிப்பீர்கள். மொத்தத்துக்கு 'ரவுண்ட்', ஊழியர் பங்குக்கு 'ரவுண்ட்டவுன்', முதலாளி பங்குக்கு வெறும் கழித்தல். எந்தக் காசு யாருக்குப் போக வேண்டும் என்று விதி சொல்கிறது, அதை ஃபங்ஷன்தான் செய்யும். செட்டிங்ஸில் 'தெரிகிறபடியே துல்லியத்தை வை' என்று பொருள்படும் ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தொட்டுவிடாதீர்கள், தாளில் மறைத்து வைத்த தசமங்களை எல்லாம் நிரந்தரமாக வெட்டிவிடும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. வராதவர்களின் கட்டத்தைச் சிவப்பாக்கி வைத்துவிட்டு 'சிவப்பு எத்தனை என்று எப்படி எண்ணுவது' என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. எந்தச் சாதாரண ஃபங்ஷனும் நிறத்தைப் பார்க்காது. வரவில்லை என்றால் ஒரு எழுத்து, எம்சி (மருத்துவ விடுப்பு) என்றால் வேறு எழுத்து என்று தட்டுங்கள், 'கவுன்ட்இஃப்' எண்ணிவிடும். நிறம் வேண்டுமென்றால் அந்த எழுத்தைப் பார்த்துத் தானாக நிறம் மாறும்படி 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்கிற 'மெர்ஜ்' எனக்குப் பிடிக்காத பொத்தான். தலைப்புக்கு அழகாகத்தான் இருக்கும், பிறகு வரிசைப்படுத்தும்போது உயிரை வாங்கும்.

ஃபங்ஷன் எதை முதலில் கற்பது என்றால், டைம்கீப்பர் வேலைக்கு நான் ஏழெட்டுக்கு மேல் சொல்ல மாட்டேன். சம், ரவுண்ட், இஃப், கவுன்ட்இஃப், சம்இஃப், பிறகு வீலுக்கப் (VLOOKUP, ஊழியர் எண்ணைப் பட்டியலில் தேடி அதற்கு நேரான விவரத்தை எடுத்துவருவது). 'கவுன்ட்' எண்களை மட்டும் எண்ணும், 'கவுன்ட்ஏ' காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். ஆகவே இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டு விடை ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது, எழுத்தாக ஒளிந்திருக்கும் எண்ணைப் பிடிக்க நல்ல வலை. 'ஆவரேஜ்' காலிக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். பூஜ்யத்தை ஃபார்மேட்டால் மறைத்து வைத்திருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். வீலுக்கப் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று கொடுக்காவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துகிற வேறொருவருடைய சம்பளத்தைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடும். ஊழியர் எண் கண்முன்னே இருந்தும் 'கிடைக்கவில்லை' என்ற பிழை வந்தால், ஒரு தாளில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கும்.

இன்னொன்று. ஃபார்முலாவுக்குள் தெரிகிற டாலர் குறிக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமில்லை. ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அந்தக் கட்டம் நகராமல் இருக்க அடிக்கிற ஆணி அது. மணிக்கூலி ஒரே கட்டத்தில் இருந்தால் அதன் மேல் நின்று எஃப்4 அழுத்தி ஆணி அடித்துவிடுங்கள்.

கைபேசியில் திறந்தால் இந்தப் பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும், சில இருக்கவே இருக்காது, ஆகவே திருத்த வேலையை லேப்டாப்பில் செய்யுங்கள். ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கன்ட்ரோலோடு எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கிற சாய்வுக் குறிப் பொத்தானை அழுத்தினால் தாள் முழுக்க உடுப்பைக் களைந்து ஃபார்முலாக்களையும் தேதிகளின் உள் எண்களையும் காட்டும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். போஸ்டல் கோடும் சாமான் கணக்கும் ஒரு வாரம் பொறுக்கும். ஓவர்டைம் பணத்தைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அதனால் அந்த 0:00 வரியிலிருந்து தொடங்குங்கள்.